ஆகஸ்ட் பதினைந்துப் பந்தி

சுதந்திர தினத்துக்குச் சில நாள் முன்பு கோயில் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பேசியது சுகன்யா. நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த எழுத்தர் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண். விழாவுக்காகப் பழைய போட்டோக்களைத் தேடி எடுத்திருக்கிறாள். "சார், எல்லாரும் தரையில வரிசையா உக்காந்து சாப்பிடுறீங்களே, எதுக்கு சார் அம்புட்டு சிரமம்? இப்ப மாதிரி பார்சல் குடுத்திருந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டாள். நல்ல பிள்ளைதான், குத்தலாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு ஒழுங்காக வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். விழாவும் வந்து போய்விட்டது. இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் பதினைந்து அன்று நம் பக்கத்துக் கோயில்களில் சிறப்புப் பூசை நடக்கும். பூசை முடிந்ததும் பொது விருந்து. எல்லாச் சாதிக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அதன் நோக்கம். கோட்டையில் கொடி ஏறுவதை டி.வி.யில் பார்க்கலாம், பள்ளிக்கூடத்தில் மிட்டாய் வாங்கலாம். ஆனால் நாடு சுதந்திரம் வாங்கியதற்கும் என் பக்கத்தில் யார் உட்கார்ந்து சோறு தின்கிறார் என்பதற்கும் முடிச்சுப் போட்டது இந்த ஒரு சாப்பாடுதான். யார் யோசித்தாரோ, புண்ணியவான்.

என் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். பரவைக்கு மேற்கே, வாய்க்கால் பாசனமுள்ள ஊர். எங்கள் தெருவில் முதன்முதலாக அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போனவன் நான். மதுரையில் ஒரு கோயிலில் இரவுக் காவலனாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் பாஸ் செய்து எழுத்தரானேன். இங்கும் அங்குமாக மாற்றி, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் சொந்த ஊர்க் கோயிலிலேயே போட்டுவிட்டார்கள். சொந்த ஊரில் வேலை கிடைத்தால் கொடுத்து வைத்தவன் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நகரத்துக் கோயிலில் இந்த விருந்து சுலபம். வரிசையில் வருகிறவர்கள் உட்காருவார்கள். பக்கத்தில் இருப்பவன் ஒத்தக்கடைக்காரனா, திருமங்கலத்துக்காரனா, என்ன ஆள் என்று யாருக்கும் தெரியாது. பாயாசம் வந்துவிட்டதா என்பதுதான் கவலை. எல்லோரும் இந்தியர் என்று சொல்லிக்கொள்ள அந்தத் தெரியாமை ரொம்ப உதவி செய்கிறது. எங்கள் ஊரில் அப்படியில்லை. ஒவ்வொருவனுக்கும் அடுத்தவனுடைய பாட்டன் பெயர் வரை தெரியும். தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார வேண்டும்.

அதனால் எங்கள் ஊரில் இரண்டு பந்தி. எந்த உத்தரவிலும் அப்படி இல்லை. எவரும் எவரையும் தடுத்ததும் இல்லை. விவசாயக் குடும்பங்கள் இருக்கும் மேலத்தெருக்காரர்கள் பூசை முடிந்ததும் உட்காருவார்கள். பாதிப் பேர் அதற்கும் நிற்காமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் தெருவினர், அவர்கள் கை கழுவிவிட்டார்களா என்று வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு மெதுவாக வருவார்கள். ஏன் இப்படி என்று எங்கள் ஆட்களைக் கேட்டால், "அவுக சாப்பிட்டுப் போகட்டும், நமக்கு என்ன அவசரம்" என்பார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேலத்தெருவில் கேட்டால், "அவங்களுக்கே சங்கடமா இருக்கும்னுதான்" என்பார்கள். ஆக, சமபந்தி இரண்டு தவணையில் நடந்து முடியும். விழா சிறப்பாக நடைபெற்றது என்று நானே டைப் அடித்து அனுப்புவேன்.

இந்தக் கதையில் இன்னொருவன் வேலுச்சாமி. மேலத்தெரு. என் அப்பா வேலை பார்த்தது அவர்கள் வயலில்தான். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்கு உயரப்படி நிறுத்துவார்கள். நானும் அவனும் ஒரே உயரம், அதனால் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில். கொடுத்த மிட்டாயைச் சட்டை நுனியில் சுற்றி, காக்காக் கடி கடித்துத் தின்றவர்கள். அப்போது மாப்ள, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மீசை முளைத்ததும் நான் அவனை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. யாரும் சொல்லித் தரவில்லை, அதுவாக வந்துவிட்டது. எனக்கு வேலை கிடைத்த பிறகு நாலு பேர் முன்னால் என்னைக் கிளார்க்கு என்பான். வாய்க்கால் பக்கம் ஆளில்லாத இடத்தில் பார்த்தால் மட்டும் பழைய மாப்ள வெளியே வரும். வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேசுவான். அவனளவுக்கு என்னிடம் மனம் விட்டுப் பேசிய ஆள் வேறு கிடையாது.

விருந்துக்கு வாழை இலை அவன் தோப்பிலிருந்துதான் வரும். அதிகாலையிலேயே அறுத்து, கட்டுக் கட்டாக வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்குவான். பூசைக்கு நிற்பான். பிறகு காணாமல் போய்விடுவான். இலை கொடுத்தவன் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு பொய் சொல்வான், அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

அப்போதுதான் கோமதி அம்மா செயல் அலுவலராக வந்தார். திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேள்விக்கு நாம் மழுப்பிப் பதில் சொன்னால், திட்ட மாட்டார். நாம் சொன்ன பதிலையே கேள்வியாக்கி நம்மிடம் திருப்பித் தருவார். அதற்குத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

முதல் ஆகஸ்ட் பதினைந்தில் அவர் ஒன்றும் செய்யவில்லை. மண்டபத் தூணோரம் நின்று இரண்டு பந்தியையும் பார்த்தார். சாப்பிடவும் இல்லை. எல்லோரும் போன பிறகு, எதற்கு இரண்டு பந்தி என்று என்னைக் கேட்டார். இடம் பற்றாது அம்மா என்றேன். மண்டபத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். முந்நூறு பேர் உட்காரலாம். "இடம் பத்தாதா, முத்தையா?" என்றார். அதோடு விட்டுவிட்டார். நான் அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த வருடம் அவர் செய்த ஏற்பாட்டை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், சுகன்யா கேட்டதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது. கூட்டம் போட்டுச் சமத்துவம் பேசவில்லை. யாரையும் கண்டிக்கவில்லை. சின்னச் சின்னக் காரியங்கள்தான் செய்தார். ஒன்று, பூசை முடிந்து வெளியே வர வடக்கு வாசலை மட்டும் திறந்து வைத்தார். ஒருவர் பின் ஒருவராகத்தான் அதில் வர முடியும், வந்தால் நேரே மண்டபம். அடுத்தது, பந்திப் பாயை முன்கூட்டியே விரிக்கக் கூடாது. ஆள் வர வர உருட்டிக்கொண்டே போக வேண்டும். பாய் முடிகிற இடத்தில்தான் அடுத்தவர் உட்கார முடியும், நாலு ஆள் தள்ளிப் போய் இடம் பிடிக்க வழியில்லை. இலையும் ஆள் உட்கார்ந்த பிறகுதான். விரித்த இலையைப் பார்த்தால் ஆட்கள் இடம் தேட ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

கடைசியாகச் சமையல்காரரிடம், ஒரே பந்திதான், அது முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம் என்றார். பிந்தி வருகிறவர்களுக்கு என்ன செய்வது என்று சமையல்காரர் கேட்டார். "அடுத்த வருசம் முந்தி வரட்டும்" என்றார் அம்மா.

எங்கள் தெருவுக்கு நானே போய்ச் சொன்னேன். பூசைக்கே வந்துவிடுங்கள், இரண்டாம் பந்தி கிடையாது என்றேன். தயங்கினார்கள். சில பெண்கள், புதுசாக எதற்கு வம்பு என்று என்னையே திட்டினார்கள். வந்தார்கள். கோயிலுக்குள் வந்தாலும் கொடிமரத்தடியிலேயே நின்று பழகியவர்கள் அன்றைக்கும் அங்கேதான் நின்றார்கள். ஆனால் வெளியே போகிற வழி ஒன்றுதானே, வரிசையில் கலந்துவிட்டார்கள். மேலத்தெருக்காரர்களில் பலர் வடக்கு வாசலைத் தாண்டியதும் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரை சாப்பிட வேண்டும், மாடு கட்ட வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்லி நழுவினார்கள். சிலர் உட்கார்ந்தார்கள். அதிகம் பெண்கள்தான். பசியோடிருந்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே வந்த நான் கடைசி ஆளாகப் பாயில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுக்கொண்டு வந்தது வேலுச்சாமி. அம்மாதான் அவனை அந்த வேலைக்கு நிறுத்தியிருந்தார். எனக்கும் இலை போட்டான். கையில் இன்னும் நாலைந்து இலை இருந்தது. செய்ய வேலை ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் பாய் இன்னும் ஓர் ஆளுக்கு நீண்டு கிடந்தது.

"இலை குடுத்தவரு இலையில்லாம நிக்கிறாரே. உக்காருங்க" என்றார் கோமதி அம்மா. அவன் கையிலிருந்து ஓர் இலையை உருவி, என் பக்கத்தில் அவரே குனிந்து போட்டார்.

வாசல்படியில் வேலுச்சாமியின் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். முன்னாள் தர்மகர்த்தா, ஊரில் அவர் சொல்லுக்கு மறுபேச்சு இல்லாத காலம் அது. அவர் வேலுச்சாமியைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நான் எழுந்தால் அவன் தப்பித்துக்கொள்வான், எனக்கும் மானம் மிஞ்சும். ஆனால் அவன் உட்கார வேண்டும் என்று அத்தனை ஆசையாக இருந்தது. சம்பள உயர்வுக்குக்கூட நான் அப்படி ஏங்கியதில்லை.

உட்கார்ந்தான். வேட்டியை மடக்கிச் சம்மணம் போட்டு, இலையில் தண்ணீர் தெளித்தான். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தான். அவரவர் இலையை அவரவர் எடுக்க வேண்டும் என்பதும் அம்மாவின் ஏற்பாடு. அவன் தன் இலையை மடித்தான். எழுந்தான். பதற்றத்திலா, தெரிந்தேதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, மடித்து வைத்திருந்த என் இலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுவிட்டான்.

சேர்ந்து உட்கார்ந்ததைக்கூட ஊர் மறந்திருக்கும். அந்த இலையை மறக்கவில்லை. அவன் பெரியப்பா ரொம்ப நாள் அவனிடம் பேசவில்லை. அன்றைக்கு மோட்டார் ரூமில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று அவன் மனைவி சொல்லிவிட்டாளாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது வரவில்லை. என் எச்சிலுக்கு அவன் குளித்திருக்கிறான், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் அடுத்த வருடம் வந்தான். அதற்கடுத்த வருடமும். கோமதி அம்மா மாற்றலாகிப் போன பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே நடந்தது. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் கடைசி இலை அவனுக்கு, அதற்கு முந்தியது எனக்கு. அன்றைக்கு மட்டும் நாலு பேர் முன்னாலேயே மாப்ள என்பான். குழம்பில் உப்பு குறைவு, வடை ஊசிப்போச்சு என்று சமையல்காரரை வம்பிழுப்பான். அந்த ஒருமணி நேரம் நாங்கள் ஒரே நாட்டுக்காரர்களாக இருந்தோம். மறுநாள் காலை டீக்கடையில் நான் திரும்பவும் கிளார்க்கு.

அவன் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைத்தான். பரவையில் மண்டபம். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டான். முகம் மலர்ந்துதான் இருந்தது. மொய் எழுதிவிட்டுத் திரும்பியபோது, பந்தி நடக்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்தான். அங்கே அவன் சொந்தக்காரர்கள். தாம்பூலப் பையை என் கையில் கொடுத்து, "உனக்கு ஆபீசு வேலை கெடக்கும், நீ கெளம்பு" என்றான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் என் மனைவி சாப்பாடு எப்படி என்று கேட்டாள். பிரமாதம் என்றேன். அவள் போய்ச் சேரும் வரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

கொரோனா வந்தது. கூட்டம் கூடக் கூடாது என்றார்கள், பொட்டலமாகக் கொடுத்தோம். அந்தச் சமயத்தில்தான் நான் ஓய்வு பெற்றேன். கொரோனா போய்விட்டது, பொட்டலம் போகவில்லை. மண்டபத்தைக் கழுவ ஆளில்லை, வீட்டிலிருக்கிற வயசானவர்களுக்கும் கொண்டு போகலாம் என்று புது அலுவலர் காரணம் சொன்னார். எல்லாம் நியாயமான காரணம்தான். ஊரில் ஒரு ஆள் மறுத்துப் பேசவில்லை. மேலத்தெருவும் சந்தோஷப்பட்டது, எங்கள் தெருவும் சந்தோஷப்பட்டது. எனக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான். தேசியக் கொடி என்னமோ முன்னைவிடப் பெரிதாக வாங்கியிருக்கிறார்கள்.

இந்த வருடம் நான் போனேன். கொடியேற்றினார்கள், பூசை நடந்தது. சுகன்யா ஓடிவந்து எனக்கு ஒரு டப்பா கொடுத்தாள். சாம்பார் சாதம், ஒரு வடை, சின்னக் கிண்ணத்தில் பாயாசம். வேலுச்சாமியும் வந்திருந்தான். இலைக்கு இப்போது வேலையில்லை, ஆனாலும் வந்திருந்தான். ஆள் மெலிந்துவிட்டான். பெரியப்பா செத்து வருடக்கணக்காகிறது. மனைவி போன தையில் தவறிவிட்டாள். மூத்த பையன் பெங்களூரில், இளையவன் கப்பலூரில் பட்டறை போட்டு அங்கேயே குடித்தனம். என் மகளும் ஒத்தக்கடையில் வீடு கட்டிப் போய்விட்டாள். கூப்பிடுவாள், நான் போவதில்லை. ஆக அவன் வீட்டில் அவன், என் வீட்டில் நான்.

டப்பாவை வண்டியின் முன்பக்கக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான். மண்டபம் காலியாகக் கிடந்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார வைத்ததெல்லாம் அந்தப் பாய்தான். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"மாப்ள, மண்டபத்துல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவமா?"

அவன் மண்டபத்தைப் பார்த்தான். டப்பா வாங்க நின்றிருந்த ஏழெட்டுப் பேரைப் பார்த்தான். அவர்கள் எங்களைக் கவனிக்கவே இல்லை, எல்லார் கண்ணும் போனில்.

"இல்ல கிளார்க்கு. வீட்ல காத்திருப்பாக. வாரேன்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். சுதந்திர தினம் என்றும் பார்க்காமல் கிளார்க்கு என்றானே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நடந்து வீட்டுக்கு வந்தேன். மேசையில் டப்பாவை வைத்துத் திறந்தேன். கை போகவில்லை. வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"மாப்ள, சாப்பிட்டயா?"

"இல்ல."

"நானும் இன்னும் தொடல. எறங்க மாட்டேங்குது. அப்படியே ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு, நான் சாப்பிடுறேன். நீயும் சாப்பிடு."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "கேக்கும்போது உக்கார முடியல. இப்பப் போன்ல என்னடா பந்தி?" என்றேன். அவனை நான் 'டா' போட்டது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்ப அந்தம்மா உக்காருன்னுச்சு, உக்காந்தேன். கேட்டவங்களுக்கு, கவுருமெண்டு உத்தரவுன்னு சொல்லிக்கிட்டேன். பெரியப்பாகிட்டயும் அதத்தான் சொன்னேன். இப்ப நீயில்ல கேக்குற. நானா உக்காரணும்ல மாப்ள. அது எனக்கு வரல."

திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. பந்தி விஷயத்தில் பொய் சொல்லாமல் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நாடு பிறந்த நாளைக்கு ஒரு உத்தரவு போட்டால் உட்காருகிறோம், உத்தரவு நின்றால் எழுந்து போய்விடுகிறோம். என் பங்குக்கு நானும் உத்தரவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன்தானே, இத்தனை வருடம் வாயைத் திறந்தேனா?

"சரி, இப்பக் கேக்குறேன். இங்க வா. இல்லன்னா நான் அங்க வாரேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றேன்.

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவன் வீட்டு மின்விசிறி டக் டக்கென்று அடிப்பது கேட்டது. நான் வைத்துவிடுவேன் என்று பயந்தானோ என்னமோ, நடுவில் ஒரு தடவை, "இருக்கயா?" என்றான். இருக்கிறேன் என்றேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஆறிப்போன சாம்பார் சாதத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.